கிளெண்டேலின் ஆர்மீனியக் கபாப் கடைகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே அதை ஒட்டி அமைந்துள்ள ஊர் கிளெண்டேல். ஏறத்தாழ 2 லட்சம் பேர் வாழும் இவ்வூரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஆர்மீனிய மரபினர். ஆர்மீனியக் குடியரசுக்கு வெளியே ஆர்மீனியர் செறிந்து வாழும் இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது. இங்கு வீட்டுத் தெருக்களுக்கு நடுவிலும் கடைவீதி முனைகளிலும் சிறிய கபாப் கடைகள் பல உள்ளன. பெரும்பாலானவை ஒரே குடும்பம் நடத்துபவை.

இக்கடைகளின் பெயர்ப்பலகைகளில் 'ஆர்மீனிய உணவு' என்று எழுதியிருந்தாலும், எல்லாக் கடைகளிலும் கிடைப்பது ஒரே வகைச் சமையல் அன்று. ஒரு கடையில் பூண்டுக் குழம்பும் ஹம்மஸும் முன்னிற்கும். இன்னொன்றில் குங்குமப்பூச் சோறும் சுட்ட தக்காளியும் வரும். மூன்றாவதில் எலும்போடு சுட்ட பன்றி இறைச்சியும் லவாஷ் ரொட்டியும் கிடைக்கும். சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் எந்தெந்த நாடுகளில் தங்கி, எந்தெந்தப் போர்களுக்குப் பின் மீண்டும் புறப்பட்டது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. ஆகவே இக்கடைகளின் உணவுப் பட்டியலை ஒரு வரலாற்று ஆவணமாகவே படிக்கலாம்.

கடையின் அமைப்பு

சிறு கபாப் கடையில் பொதுவாக மூன்று நான்கு மேசைகளே இருக்கும். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களே மிகுதி. உள்ளே நுழைந்ததும் பணம் வாங்கும் மேடை, அதன் பின்னால் அடுப்பு. சுவரில் அராரத் மலையின் படம் மாட்டியிருப்பது வழக்கம். ஆர்மீனியர்கள் தங்கள் அடையாளமாகக் கருதும் அந்த மலை இன்று துருக்கியின் எல்லைக்குள் இருக்கிறது. ஆர்மீனியத் தலைநகரான எரவானிலிருந்து அதைக் கண்ணால் பார்க்கலாம்; ஆனால் இரு நாடுகளுக்கும் இடையிலான தரைவழி எல்லை 1993 இல் மூடப்பட்டுவிட்டது.

வாடிக்கையாளர் சொல்லும் வணக்கத்திலேயே ஒரு வேறுபாடு கேட்கும். ஆர்மீனிய மொழிக்குக் கிழக்கு வழக்கு, மேற்கு வழக்கு என இரண்டு வடிவங்கள் உள்ளன. வணக்கம் என்பதற்கு இரண்டிலும் 'பரெவ்' என்ற சொல்தான். ஆனால் கிழக்கு வழக்கினர் அதன் முதல் எழுத்தைக் 'கம்பம்' என்ற சொல்லில் வரும் பகரத்தைப் போல ஒலிப்பர். மேற்கு வழக்கினர் 'பல்' என்ற சொல்லின் பகரத்தைப் போல ஒலிப்பர். ஆர்மீனியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்தவர்கள் கிழக்கு வழக்கினர். லெபனான், சிரியா, துருக்கி வழியாக வந்தவர்கள் மேற்கு வழக்கினர். இரு சாராரும் ஒரே கடையில் வரிசையில் நிற்பது கிளெண்டேலில் அன்றாடக் காட்சி.

கபாப் செய்யும் முறை

கபாப் இரு பெரும் வகைப்படும். ஒன்று, இறைச்சித் துண்டுகளைக் கம்பியில் கோத்துச் சுடுவது. மற்றொன்று, கொத்திய இறைச்சியைக் கம்பியின் மேல் பிடித்துச் சுடுவது. இரண்டாவது வகைக்கு ஆர்மீனியாவில் 'லூலே கபாப்' என்றும் ஈரானில் 'கூபிதே' என்றும் பெயர்.

கொத்துக்கறி கபாபில் கைத்திறன் அதிகம் வேண்டும். மாட்டிறைச்சியையோ ஆட்டிறைச்சியையோ கொழுப்போடு சேர்த்து அரைத்து, துருவிய வெங்காயத்தின் நீரைப் பிழிந்துவிட்டு அதில் கலப்பார்கள். கலவை பசைபோல ஒட்டும்வரை பிசைய வேண்டும். பிசைதல் போதாவிட்டால் இறைச்சி கம்பியை விட்டு நெருப்பில் விழுந்துவிடும். இதற்கு அகலமான தட்டைக் கம்பியைப் பயன்படுத்துவார்கள். உருண்டைக் கம்பியில் இறைச்சி நிற்காமல் சுழலும். அடுப்பின் மேல் வலைத்தட்டு கிடையாது. கம்பியின் இரு முனைகளும் அடுப்பின் விளிம்புகளில் தங்க, இறைச்சி எதையும் தொடாமல் தணலுக்கு மேலே நிற்கும். சொட்டும் கொழுப்பு தணலில் பட்டு எழும் புகையே அதற்கு மணம் தருகிறது. வெந்ததும் லவாஷ் ரொட்டியால் இறைச்சியைப் பற்றிக் கம்பியை உருவி எடுப்பார்கள். சாறு ஊறிய அந்த ரொட்டியை விரும்பிக் கேட்டு வாங்குபவர்கள் உண்டு.

உடன் குடிக்கத் 'தான்' என்ற பானம் கிடைக்கும். தயிரில் நீரும் உப்பும் சேர்த்துக் கலக்குவது. நம் ஊர் மோரிலிருந்து அதிக வேறுபாடு இல்லை.

1915 என்ற ஆண்டு

கிளெண்டேல் கடைகளின் வரலாறு 1915 இல் தொடங்குகிறது எனலாம். அதற்கு முன் ஆர்மீனியர்களில் பெரும்பகுதியினர் ஒட்டோமான் பேரரசின் கிழக்குப் பகுதிகளில், அதாவது இன்றைய துருக்கியில், பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தனர். முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரல் 24 அன்று, கான்ஸ்டான்டினோபிள் நகரில் ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மதகுருக்கள், தலைவர்கள் எனப் பலர் கைது செய்யப்பட்டனர். அதைத் தொடர்ந்து ஊர் ஊராக மக்கள் வெளியேற்றப்பட்டுச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். கொலை, பசி, நோய் ஆகியவற்றால் இறந்தவர்கள் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என வெவ்வேறு கணக்குகள் கூறுகின்றன. வரலாற்றாய்வாளர்களில் பெரும்பாலோர் இதை இனப்படுகொலை என்கின்றனர். துருக்கி அரசு அச்சொல்லை இன்றுவரை ஏற்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2019 இல் அதை இனப்படுகொலை என ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின.

உயிர் தப்பியவர்கள் அலெப்போ, பெய்ரூட் போன்ற நகரங்களின் அகதி முகாம்களிலும் அநாதை இல்லங்களிலும் சேர்ந்தனர். நிலத்தையும் வீட்டையும் கொண்டுவர முடியவில்லை. சமைக்கத் தெரிந்த கையும் நினைவில் நின்ற சுவையும் மட்டுமே அவர்களோடு வந்தன.

ஃபிரெஸ்னோ: முதல் குடியேற்றம்

கலிபோர்னியாவுக்கு ஆர்மீனியர் முதலில் வந்தது லாஸ் ஏஞ்சலஸுக்கு அன்று. அம்மாநிலத்தின் நடுப்பகுதியிலுள்ள ஃபிரெஸ்னோவுக்கு 1880களில் வந்த சிலரைத் தொடர்ந்து, திராட்சை பயிரிடும் குடும்பங்கள் அங்கே பெருகின. எழுத்தாளர் வில்லியம் சரோயன் 1908 இல் பிறந்தது அவ்வூரில்தான்.

அங்கும் வாழ்க்கை எளிதாக இல்லை. ஃபிரெஸ்னோவின் சில பகுதிகளில் ஆர்மீனியருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதப்பட்டது. 'வெள்ளையர்' அல்லாத ஆசியர் குடியுரிமை பெற முடியாத காலம் அது. குடியுரிமைக்குத் தகுதியற்ற வெளிநாட்டவர் விளைநிலம் வாங்கக் கலிபோர்னியாவின் 1913 ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. எனவே ஆர்மீனியர் எந்தப் பிரிவில் சேர்வர் என்பது வாழ்வாதாரக் கேள்வியாயிற்று. இந்தியரான பகத் சிங் திண்ட் என்பவருக்கு 1923 இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை இல்லை என்றது. 1925 இல் கார்ட்டோசியன் வழக்கில் ஆரிகன் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆர்மீனியர் குடியுரிமைக்குத் தகுதியுடையவர் எனத் தீர்ப்பளித்தது.

இக்காலத்தில் ஜார்ஜ் மார்டிக்கியன் என்ற ஆர்மீனியர் 1922 இல் அமெரிக்கா வந்து, ஃபிரெஸ்னோவிலும் பின்னர் 1938 இல் சான் பிரான்சிஸ்கோவிலும் உணவகம் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒமர் கய்யாம்'. அமெரிக்கர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த பாரசீகக் கவிஞரின் பெயர் அது. ஆர்மீனியச் சமையல் அமெரிக்காவில் வேறொரு நாட்டின் பெயரைத் தாங்கியே புகழ் பெற்றது. அமெரிக்கப் படையினரின் உணவை மேம்படுத்த உதவியதற்காக 1951 இல் அவருக்கு அரசின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.

1924 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வாசலை ஏறக்குறைய மூடிவிட்டது. நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965 ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீண்டும் திறந்தது. கிளெண்டேல் கடைகளை உருவாக்கியவர்கள் இந்த இரண்டாம் வாசல் வழியே மூன்று திசைகளிலிருந்து வந்தவர்கள்.

பெய்ரூட் வழி வந்தவர்கள்

பெய்ரூட்டின் கிழக்கு ஓரத்திலுள்ள புர்ஜ் ஹம்மூத், அகதி முகாமிலிருந்து வெளியேறிய ஆர்மீனியர் கட்டியெழுப்பிய பகுதி. அதன் குடியிருப்புகளுக்குப் புது மராஷ், புது அதானா, புது சிஸ் என, தாங்கள் இழந்த ஊர்களின் பெயர்களையே சூட்டினர். லெபனானில் வாழ்ந்த இரண்டு தலைமுறைகளில் அரபுச் சமையல் அவர்கள் அடுப்பில் கலந்தது. பூண்டு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவற்றை வெண்ணெய்போல் நுரைக்க அடித்துச் செய்யும் 'தூம்', கொண்டைக்கடலை ஹம்மஸ், கோழித்துண்டு கபாபான 'ஷிஷ் தாவூக்' ஆகியவை இவ்வாறு வந்தவை.

1975 இல் தொடங்கி 1990 வரை நீடித்த லெபனான் உள்நாட்டுப் போர் அவர்களை மீண்டும் பெயர்த்தது. 'சான்கூ சிக்கன்' என்ற கடையின் கதை இதற்குச் சான்று. 1962 இல் பெய்ரூட்டில் ஓர் ஆர்மீனியக் குடும்பம் அதைத் தொடங்கியது. கடைக்கு வைத்தது ஆர்மீனியாவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். 1980களில் அக்குடும்பம் லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பகுதியில் கடை திறந்தது. இன்று அது பல கிளைகள் கொண்ட நிறுவனம். அமெரிக்கர்கள் வரிசையில் நின்று வாங்கும் அதன் பூண்டுக் குழம்பு லெபனானுடையது, பெயர் ஆர்மீனியாவுடையது. ஹாலிவுட்டின் அப்பகுதியை 2000 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி 'சிறு ஆர்மீனியா' என்று அறிவித்தது.

ஈரான் வழி வந்தவர்கள்

ஈரானிய ஆர்மீனியரின் வரலாறு இன்னும் பழமையானது. 1604-05 ஆண்டுகளில் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா என்ற நகரின் ஆர்மீனியரைக் கட்டாயமாக இடம் பெயர்த்துத் தம் தலைநகரான இஸ்ஃபஹானுக்கு அருகே குடியமர்த்தினார். அவ்விடம் 'புது ஜுல்ஃபா' எனப்பட்டது. அங்கிருந்து பட்டு வணிகர்கள் பல நாடுகளுக்கும் சென்றனர்.

சென்னைக்கு வந்த ஆர்மீனிய வணிகர்களில் பெரும்பாலோர் இந்தப் புது ஜுல்ஃபாவின் மரபினரே. 1726 இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டிய கோஜா பெத்ருஸ் உஸ்கான் ஓர் ஆர்மீனியர். ஜார்ஜ் டவுனில் 1772 இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அது அமைந்துள்ள தெருவை மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்றனர்; 'ஆர்மேனியன்' என்ற சொல் தமிழ் நாவில் பெற்ற வடிவம் அது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794 இல் வெளிவந்ததும் சென்னையில்தான்.

இவ்வாறு ஈரானில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஆர்மீனியர் தங்கள் சமயத்தையும் மொழியையும் காத்துக்கொண்டனர். உணவில் ஈரானியரோடு கலந்தனர். சோற்றோடு கபாப் உண்பது ஈரானின் வழக்கம். உதிரியாக வடித்த நீள அரிசிச் சோறு, அதன்மேல் குங்குமப்பூ நீர், ஒரு துண்டு வெண்ணெய், தோலோடு சுட்ட தக்காளி, புளிப்புக்குச் 'சுமாக்' பொடி ஆகியவை ஈரானிய ஆர்மீனியர் கடையின் தட்டில் தவறாமல் இருக்கும். 1979 இஸ்லாமியப் புரட்சியும், 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் போரும் பல குடும்பங்களைக் கிளெண்டேலுக்கு அனுப்பின.

ஆர்மீனியாவிலிருந்து வந்தவர்கள்

மூன்றாம் கூட்டத்தார் சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஆர்மீனியாவிலிருந்து வந்தவர்கள். இவர்களிலும் சிலர் ஏற்கெனவே இடம் பெயர்ந்தவர்களே. 1946 முதல் 1948 வரை, 'தாயகம் திரும்புங்கள்' என்ற சோவியத் அரசின் அழைப்பை ஏற்றுச் சிரியா, லெபனான், கிரேக்கம், பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 90,000 ஆர்மீனியர் அங்கே சென்றனர். வறுமையும் சந்தேகப் பார்வையும் அவர்களை வரவேற்றன. சிலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மெல்லிய ரொட்டியில் கொத்துக்கறி பரப்பிச் சுடும் 'லஹ்மஜூன்' எரவான் நகரில் பரவியதில் இவர்களுக்குப் பங்குண்டு. 1970களில் வெளியேற அனுமதி கிடைத்தபோது இவர்களில் பலரும் இவர்கள் பிள்ளைகளும் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தனர்.

1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவின் வடபகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் இறந்தனர். 1991 இல் நாடு விடுதலை பெற்றபின் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத குளிர்காலங்கள் தொடர்ந்தன. அப்போதும் பலர் புறப்பட்டனர். இவர்கள் கொண்டுவந்தது 'ஹொரவட்ஸ்'. பெரிய இறைச்சித் துண்டுகளை, பெரும்பாலும் எலும்போடு கூடிய பன்றி இறைச்சியை, கம்பியில் கோத்துச் சுடுவது. கத்தரிக்காய், தக்காளி, மிளகாய் ஆகியவற்றையும் முழுதாகச் சுட்டு உடன் வைப்பார்கள்.

பெயர் யாருடையது?

'கபாப்' ஆர்மீனியச் சொல் அன்று. 'லூலே' துருக்கிய மொழிகளோடு தொடர்புடையது. 'லஹ்மஜூன்' அரபியிலிருந்து வந்தது. 'ஹொரவட்ஸ்' மட்டுமே ஆர்மீனிய மொழியின் சொந்தச் சொல். இதைக் கொண்டு 'இவை ஆர்மீனிய உணவே அல்ல' என வாதிடுபவர் உண்டு. அதற்கு மறுமொழியாக 'எல்லாம் எங்களுடையவையே' என உரிமை கொண்டாடுபவரும் உண்டு.

இந்த வாதம் பன்னாட்டு மன்றம்வரை சென்றிருக்கிறது. லவாஷ் ரொட்டியை ஆர்மீனியப் பண்பாட்டின் வெளிப்பாடாக யுனெஸ்கோ 2014 இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2016 இல் அதே ரொட்டியையும் அதைப் போன்ற பிற ரொட்டிகளையும் அசர்பைஜான், ஈரான், கசகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய ஐந்து நாடுகளின் பொது மரபாகவும் பட்டியலில் சேர்த்தது.

ஒரே மலைநாட்டில் பல இனத்தார் நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்தபோது ஒரே அடுப்பு முறையும் ஒரே ரொட்டியும் எல்லோருக்கும் பொதுவாயின. பகை வந்தபின் உணவுக்கு எல்லை போடுவது கடினம். 1915 இல் தப்பிய ஆர்மீனியரில் துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்தவர்களும் இருந்தனர். தங்களை விரட்டியவர்களின் மொழியிலேயே அவர்கள் தங்கள் அம்மாவின் சமையலுக்குப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் துருக்கிய மொழியில் இருப்பதால் அந்த நினைவு அவர்களுடையது இல்லை என்றாகிவிடாது. ஓர் உணவை யார் முதலில் செய்தார்கள் என்ற கேள்வியைவிட, அது யாரோடு எங்கெல்லாம் பயணம் செய்தது என்ற கேள்வியே வரலாற்று மாணவருக்குப் பயன் தரும்.

புதிய அடுக்கு

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. நாகொர்னோ-கராபக் என்ற மலைப்பகுதிக்காக ஆர்மீனியரும் அசர்பைஜானியரும் பல முறை போரிட்டனர். 2023 செப்டம்பரில் அசர்பைஜான் படை அப்பகுதி முழுவதையும் கைப்பற்றியது. சில நாட்களுக்குள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் ஆர்மீனியாவுக்கு ஓடிவந்தனர். அப்பகுதிக்கே உரிய உணவு 'ஜிங்யாலோவ் ஹட்ஸ்'. பல வகைக் கீரைகளைப் பொடியாக நறுக்கி, மெல்லிய மாவினுள் வைத்து மூடிக் கல்லில் சுடும் ரொட்டி அது. இன்று கிளெண்டேலிலும் அது விற்பனைக்குக் கிடைக்கிறது. அந்த ரொட்டி பிறந்த ஊர்களில் அதைச் சுட்டவர்கள் இப்போது இல்லை.

மொழியின் நிலையும் கவலைக்குரியது. மேற்கு ஆர்மீனிய வழக்கை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ குறித்துள்ளது. கடை வைத்தவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போகின்றனர். அவர்கள் ஆங்கிலத்தில் பேசினாலும் உணவின் பெயர்களை மட்டும் பாட்டி சொன்னபடியே சொல்கின்றனர். கூபிதே, தூம், ஹொரவட்ஸ் மூன்றும் ஒரே பட்டியலில் இடம்பெறும் கடைகள் பெருகிவருகின்றன. பெய்ரூட், டெஹ்ரான், எரவான் என மூன்று ஊர்களில் பிரிந்து வளர்ந்த சமையல்கள் நான்காவது ஊரில் ஒன்றாகின்றன.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 24 அன்று கிளெண்டேலின் அரசுப் பள்ளிகளுக்கு விடுமுறை. ஆர்மீனியர் கடைகள் பலவும் அன்று மூடியிருக்கும். மற்ற நாட்களில் மதியம் தொடங்கி இரவுவரை புகையும் கபாப் அடுப்புகள் அன்று பற்றவைக்கப்படுவதில்லை. காரணம் அறியாமல் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு அறிவிப்பு 1915 என்ற ஆண்டை நினைவூட்டும்.